‘அஜோஷி’யைத் தமிழில் எப்படிக் கூப்பிடுவது? அண்மையில் பார்த்த கொரிய, ஜப்பானியத் தொடர்களும் படங்களும்

நெல்லைக்காரி:

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் அம்மாவும் நானும் ஒரு எபிசோட் பார்ப்போம். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதனால் சப்டைட்டிலை நான் வாசித்து உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். முதலில் திணறலாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. ‘ரிப்ளை 1988’ முழுசாக முடித்தோம். அதற்கப்புறம் ‘மை மிஸ்டர்’ ஆரம்பித்தோம். அங்கேதான் வந்தது வம்பு.

2018-இல் வந்த தொடர், 16 எபிசோட். நாற்பத்தைந்து வயதை ஒட்டிய கட்டடப் பொறியாளர் ஒருவர், அவர் அலுவலகத்தில் தற்காலிக வேலை பார்க்கும் 21 வயதுப் பெண். அவளுக்குக் கழுத்துவரை கடன். வீட்டில் காது கேட்காத, வாய் பேசாத பாட்டி. அலுவலகத்தில் இருந்து காபித்தூள் பாக்கெட்டை எடுத்துவந்து, ராத்திரி இரண்டு பாக்கெட்டை ஒன்றாகக் கொட்டிக் கலந்து குடிப்பாள். அதுதான் அவள் சாப்பாடு. லீ சன்-கியூன், ஐயூ இரண்டு பேரும் நடித்தது. லீ சன்-கியூன் 2023 டிசம்பரில் இறந்துபோனார். அதை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

தொடரின் கொரியப் பெயருக்கு ‘என் அஜோஷி’ என்று பொருள். உறவில்லாத நடுவயது ஆண்களைக் கூப்பிடுகிற சொல் அது. அலுவலகத்தில் அவரைப் பதவிப் பெயரால் கூப்பிடுகிறவள், வெளியே ‘அஜோஷி’ என்பாள். முதல் எபிசோடிலேயே அம்மா கேட்டுவிட்டார், “அந்தப் பிள்ள அவர என்ன முற சொல்லிக் கூப்பிடுது?”

என்ன சொல்வது? மாமா என்றால் எங்கள் பக்கம் அது கட்டிக்கொள்கிற முறை. இந்தக் கதையோ அவர்கள் காதலர்கள் ஆகாமல் இருப்பதில்தான் நிற்கிறது. ஒளிபரப்பு தொடங்கியபோது கொரியாவிலேயே இந்த வயது வித்தியாசத்தைக் கண்டித்துப் பேச்சு எழுந்தது. நான் ‘மாமா’ என்று ஒரு தடவை சொன்னால் போதும், அம்மா மனதில் கதையே வேறாகிவிடும். சித்தப்பா என்றால் ரத்த உறவு. சார் என்றால் இரவில் தெருவில் அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நடந்துவரும்போது பொருந்தவில்லை. இரண்டு எபிசோடுக்கு ‘அண்ணாச்சி’ என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா சிரித்துவிட்டார், “பலசரக்குக் கடையா வச்சிருக்காரு?”

நீங்கள் என்றால் எப்படிச் சொல்வீர்கள்? அண்மையில் நீங்கள் பார்த்தவற்றில் இப்படி மாட்டிய இடங்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள். கதையைச் சொல்லித்தான் பேச முடியும், அதனால் பார்க்காதவர்கள் கவனம்.

வடமராட்சி மணல்:

எங்கட பக்கம் மாமா என்றாலே போதும். அப்பாவின்ர சிநேகிதர், பக்கத்து வீட்டுக்காரர், பஸ்ஸில் இடம் தந்தவர் எல்லாரும் மாமாதான். கட்டுற முறை என்று ஒருவரும் நினைக்க மாட்டினம். என்ர மகள் இங்கே வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவள், அவளும் தெரியாத தமிழ் ஆளைக் கண்டால் மாமா என்றுதான் சொல்லுவாள். ஆகவே ‘மை மிஸ்டர்’ பார்க்கிற யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு உங்கட சிக்கல் வந்திராது.

எங்கட ஆக்களுக்கு இந்த மாதிரித் தொடர் புதுசு இல்லை. கொழும்பில் இருந்த காலத்தில் ரூபவாஹினியில் ‘ஓஷின்’ போகும். ஜப்பானில் 1983-84-இல் என்.எச்.கே. காலையில் போட்ட தொடர், 297 பகுதி. ஏழைக் குடியானவன் வீட்டுப் பிள்ளையை ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்புவினம். அது சிங்களத்தில் வந்தது. அம்மம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. அப்ப நான் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தனான். உங்கட பதிவை வாசிக்க அந்த விறாந்தை ஞாபகம் வந்தது.

ஒரகடம் ஷிஃப்ட்:

நான் ஒரு கொரிய நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக ஒன்பது வருஷம் இருந்தேன். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடி வெளியே வர ஆரம்பித்த பிறகு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியச் சாப்பாட்டுக் கடையும் கொரிய எழுத்துப் பலகையும் சாதாரணமாகிவிட்டன. எங்கள் லைனில் வேலை பார்த்த பையன்கள் மேலாளரை ‘பூஜாங்-நிம்’ என்றே கூப்பிடுவார்கள். ‘பூஜாங்’ பதவி, ‘நிம்’ மரியாதை. அம்மையார், தந்தையார் என்பதில் வருகிற அந்த ‘ஆர்’ மாதிரி. ‘மை மிஸ்டர்’ நாயகருக்கும் அதே பதவிதான்.

‘அஜோஷி’ என்பது உறவே இல்லாத, கல்யாண வயதைத் தாண்டிய ஆண். டாக்சி ஓட்டுபவர், கடைக்காரர், மாடி வீட்டுக்காரர், எல்லாரும் அஜோஷி. உண்மையான சித்தப்பாவுக்கு வேறு சொல் உண்டு. அதனால் தோழி சித்தப்பாவைத் தள்ளியது சரி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ‘அஜோஷி’ தெருவில் யாரையும் கூப்பிடுகிற சொல். அதற்கு முன்னால் ‘என்’ போட்டதில்தான் அந்தத் தலைப்பின் கனம் இருக்கிறது. ஊரில் ஆயிரம் அஜோஷி இருக்கலாம், இவர் என்னுடைய அஜோஷி. ஆங்கிலத்தில் ‘மிஸ்டர்’ என்று வைத்தபோது அதில் பாதி வந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், எனக்கு இது எப்போதும் வியப்பு. கொரியத்தில் அண்ணனுக்கு இரண்டு சொல். தம்பி கூப்பிட்டால் ‘ஹியோங்’, தங்கை கூப்பிட்டால் ‘ஓப்பா’. அக்காவுக்கும் அப்படித்தான், தம்பிக்கு ‘நூனா’, தங்கைக்கு ‘ஓன்னி’. ஆனால் தம்பிக்கும் தங்கைக்கும் சேர்த்து ‘தோங்செங்’ என்று ஒரே சொல். நாம் மூத்தவர்களுக்கு அப்படிப் பிரிப்பதில்லை, இளையவர்களைத் தம்பி, தங்கை என்று பிரிக்கிறோம். ஜப்பானியத்தில் நம்மைப் போலவே நாலும் தனித்தனி. ஆங்கிலத்தில் இதெல்லாம் ‘பிரதர்’, ‘சிஸ்டர்’ என்று இரண்டே சொல்லுக்குள் அடங்கிவிடும்.

இதில் ‘ஓப்பா’தான் தமிழுக்கு வராதது. அங்கே காதலனையும் ஓப்பா என்பார்கள். நம்மிடம் காதலனை அண்ணா என்றால் கதை அத்தோடு சரி. 2013 வாக்கில் புதுயுகம் தொலைக்காட்சியில் கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் போட்டார்களே, அப்போது அந்த இடங்கள் வந்தாலே நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நள்ளிரவு டீ:

எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத ஒரு இடம் சொல்லட்டுமா? ‘மிட்நைட் டைனர்’. ஷின்ஜுகுவில் ஒரு சந்துக்குள் சின்னச் சாப்பாட்டுக் கடை. ராத்திரி 12-க்குத் திறந்து காலை 7 மணிக்கு மூடும். பலகையில் எழுதியிருப்பது பன்றிக்கறி மிசோ சூப் சாப்பாடு ஒன்றுதான், மற்றபடி குடிக்க ஏதாவது. ஆனால் கையில் பொருள் இருந்தால் கேட்டதைச் செய்து கொடுப்பார். ஒரு ரவுடி வந்து சிவப்பு சாஸேஜை ஆக்டோபஸ் மாதிரிக் கீறி வறுத்துத் தரச் சொல்வான். மூன்று தோழிகள் எப்போதும் சோற்றில் தேநீர் ஊற்றித்தான் சாப்பிடுவார்கள், கிட்டத்தட்ட நம் பழைய சோறு மாதிரிதான் எனக்குப் பட்டது. கடைக்காரருக்கு முகத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. எப்படி வந்தது என்று அவர் சொல்ல மாட்டார்.

அவரை எல்லோரும் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? ‘மாஸ்டர்’. அதைக் கேட்டதும் எங்கள் தெருமுனை டீக்கடைதான் கண்முன் வந்தது. “மாஸ்டர், ஒரு ஸ்ட்ராங்.” டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர் என்று நாம் கூப்பிடுகிற அதே குரல், அதே பாதி மரியாதை, பாதி உரிமை. பெயர் தெரியாமலே பத்து வருஷம் பழகுகிற ஆள். நானும் இரவுப் பணிக்காரன், இரண்டு மணிக்கு எங்கள் டீ மாஸ்டர் கடைதான் எனக்குப் போக்கிடம். அதனால் அந்தத் தொடரை நான் கொஞ்சம் கூடுதலாகவே நேசிக்கிறேன், மன்னிக்கவும்.

திரைக்கிறுக்கு:

நண்பர்களே, நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நல்ல படத்தில் சொல்லுக்கு இவ்வளவு வேலை இல்லை என்பது என் எண்ணம். போன மாதம் ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ பார்த்தேன். இயக்குநர் ஜெர்மானியர், விம் வெண்டர்ஸ். ஆனால் படம் டோக்கியோவினுடையது. ஷிபுயாவில் பெரிய கட்டடக் கலைஞர்களைக் கொண்டு கட்டிய 17 பொதுக் கழிப்பறைகள், அவற்றைக் கழுவுகிற ஒரு மனிதர். ஷிகேரு பான் கட்டியது ஒன்று கண்ணாடிச் சுவர், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் வெளியே தெரியாமல் மங்கிவிடும். கோஜி யாகுஷோ படத்தின் பெரும்பகுதியில் வாயே திறப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தையும் சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துத் துடைப்பார். 2023-இல் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குத்தான். சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்றும் குறையாது.

ஜப்பானிய இயக்குநர் கொரே-எடாவின் ‘ஸ்டில் வாக்கிங்’ (2008) இன்னொன்று. அம்மா மக்காச்சோளத்தை உதிர்த்து மாவில் தோய்த்து எண்ணெயில் போடுவார், சோளம் வெடித்துத் தெறிக்கும். அந்தச் சத்தத்துக்கே உள்ளே இருக்கிறவர் எழுந்து வந்துவிடுவார். இறந்துபோன மூத்த மகனுக்கு அது பிடிக்கும் என்பது போகப்போகத் தெரியும். ஒரு பையனைக் கடலில் இருந்து காப்பாற்றப் போய் அவன் செத்தான். பிழைத்த பையனை அந்த அம்மா வருஷா வருஷம் திதிக்கு அழைத்து உட்கார வைப்பார். அவன் வியர்த்து விறுவிறுத்துக் கால் மரத்துப்போய் எழுந்து போவான். பாவம், இனிமேல் கூப்பிட வேண்டாமே என்று இளைய மகன் சொன்னால், அம்மா கையில் குரோஷா ஊசியை நிறுத்தாமல், அதற்காகத்தான் கூப்பிடுகிறேன் என்பார். வருஷத்தில் ஒரு நாளாவது அவனும் வேதனைப்படட்டும் என்று. அம்மாவாக நடித்த கிரின் கிகி அதைச் சொல்லும் குரலில் கோபம் துளியும் இல்லை. எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. இதற்கு உறவுமுறைச் சொல் எதற்கு?

நெல்லைக்காரி:

திரைக்கிறுக்கு சகோ, அந்தக் குரோஷா காட்சி பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. ஆனால் அதே படத்தில்தான் எனக்கு வேண்டிய சாட்சியும் இருக்கிறது. இளைய மகன் ஏற்கெனவே ஒரு மகன் உள்ள, கணவனை இழந்த பெண்ணைக் கட்டியிருக்கிறார். அந்தப் பையன் அவரை அப்பா என்பதில்லை, ‘ரியோ-சான்’ என்கிறான். பெயரைச் சுருக்கிச் செல்லமாகக் கூப்பிடுவது. வீட்டுக்குள் நுழைந்ததில் இருந்து பெரியவர்கள் காதில் அது விழுந்துகொண்டே இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் இவர் எங்கே நிற்கிறார் என்பதை ஒரு கூப்பாடு சொல்லிவிடுகிறது. சப்டைட்டிலை அணைத்தாலும் அது காதில் கேட்கும், இல்லையா?

‘பெர்ஃபெக்ட் டேஸி’லும் ஒரு மருமகப் பெண் வீட்டைவிட்டு ஓடி வருகிறாளே. அவள் அவரை அழைக்கும் ‘ஓஜி-சன்’ ஜப்பானில் மாமாவுக்கும் உண்டு, தெருவில் போகிற பெரியவருக்கும் உண்டு. கழிப்பறை வாசலில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத மனிதரை அந்தப் பெண் அப்படிக் கூப்பிட்டதும்தான் எனக்கு அவருக்கு ஒரு வீடு இருந்ததே உறைத்தது.

‘ரிப்ளை 1988’-இல் இன்னும் அழகு. சோல் நகரில் ஸங்முன்-தோங் என்ற பகுதி, ஒரே சந்தில் ஐந்து குடும்பங்கள். ஒரு வீட்டில் குழம்பு வைத்தால் கிண்ணம் அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து வேறொன்று திரும்பி வரும். பெண்கள் ஒருவரை ஒருவர் பிள்ளை பெயரோடு சேர்த்து, இன்னாரின் அம்மா என்றுதான் அழைப்பார்கள். என் அம்மா அதை உடனே பிடித்துக்கொண்டார். எங்கள் தெருவில் அவருக்கே இன்றைக்கும் என் பெயரோடு சேர்த்துத்தான் பெயர்.

முதல் எபிசோடில் கரி அடுப்பின் புகை வீட்டுக்குள் கசிந்துவிடும். அப்பாவும் அம்மாவும் மூத்தவளையும் கடைக்குட்டியையும் வெளியே இழுத்துப் போட்டுக் காப்பாற்றுவார்கள். நடுப்பிள்ளை தேக்-சன் தானே தவழ்ந்து வெளியே வருவாள். அவள் பிறந்தநாளுக்குத் தனி கேக்கும் கிடையாது, மூன்று நாள் முன்னால் வருகிற அக்கா பிறந்தநாள் கேக்கிலேயே மெழுகுவத்தியைக் குறைத்து ஏற்றுவார்கள். அவள் வெடித்து அழுத பிறகு, அப்பா சந்தில் கேக்கோடு காத்திருந்து பேசுவார். பிறக்கும்போதே அப்பாவாகப் பிறக்கவில்லை, அப்பா ஆவது எனக்கும் இதுதான் முதல் தடவை என்கிற பொருளில். அங்கே அவர் ‘நான்’ என்று சொல்வதில்லை. ‘அப்பா’ என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறார். கொரியத்திலும் அப்பா அப்பாதான்! ஆங்கில வரியில் ‘ஐ’ என்று இருந்ததை நான் வாசிக்கவே இல்லை. காதில் விழுந்ததை அப்படியே சொன்னேன், “அப்பாவும் இப்பதானம்மா அப்பா ஆயிருக்கேன்.” என் அப்பா திட்டும்போதும் கெஞ்சும்போதும் இப்படித்தான் பேசுவார், “அப்பா சொல்றேன்ல.” அம்மா அந்த இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ஒரகடம் ஷிஃப்ட்:

அந்தத் தொடரில் பக்கத்து வீட்டு சன்-ஊவும் தேக்-சனின் அக்கா போராவும் காதலிக்கும்போது பெரியவர்கள் ஏன் அவ்வளவு பயப்படுகிறார்கள் என்று வெளிநாட்டு ரசிகர்கள் நிறையப் பேர் கேட்பார்கள். இருவருக்கும் ஒரே குலப்பெயர், ஒரே பூர்வீகம். கொரியச் சட்டத்திலேயே அப்படிக் கட்டக் கூடாது என்று இருந்தது. 1997-இல்தான் அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2005-இல் சட்டத்தையே திருத்தினார்கள். நமக்குச் சொன்னால் ஒரே வரியில் புரியும்: பங்காளி வீட்டில் பெண் எடுப்பார்களா?

பாம்பன் பாசி:

இங்கே எல்லோரும் பேசுவதை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன், இப்போதுதான் எழுதத் தோன்றியது.

2025 மார்ச்சில் வந்த ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’ தொடரை என் மனைவி போட்டாள். ஜெஜு தீவுக் கதை. நாயகியின் அம்மா ஹேன்யோ. அதாவது காற்றுக்குழாய் இல்லாமல் மூச்சை அடக்கிக் கடலுக்குள் முங்கி, சிப்பியும் நத்தையும் எடுக்கிற பெண். 2016-இல் யுனெஸ்கோ இவர்கள் மரபைப் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலிட்டது. மேலே வந்ததும் அடக்கிய மூச்சை விடும்போது சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் வரும். அதற்கு அவர்கள் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் அம்மாவும் சித்தியும் மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போனவர்கள். விரலில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையில் இருந்து பிய்த்து எடுப்பார்கள். சேலை மேல் ஆண் சட்டை. கை எல்லாம் கீறல். ஜெஜுவில் கரையேறியதும் கல்லை வட்டமாக அடுக்கி நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காருவார்கள், இங்கே வல்லத்தில் வெடவெடவென்று குளிரில் உட்கார்ந்து வருவார்கள். தொடரில் அந்த அம்மா 29 வயதில் செத்துப்போகிறாள். மூச்சை அடக்கி அடக்கி நெஞ்சு போய்விடுகிறது. மகள் பள்ளியில் எழுதுகிற கவிதை, அம்மா கடலில் இருந்து சீக்கிரம் மேலே வராமல் செய்கிற சிப்பி மேல் கோபம் கொண்டு எழுதியது. நான் அந்த எபிசோடை ஒரே மூச்சில் பார்க்கவில்லை, பாதியில் நிறுத்தி ஊருக்குப் போன் போட்டேன்.

உங்கள் பேச்சுக்கு என் பங்கு ஒன்று. அதே ஜெஜுவில் நடக்கிற ‘அவர் ப்ளூஸ்’ (2022) பாருங்கள். அங்கே வயதான பாட்டிகளையும் ‘சம்சுன்’ என்று கூப்பிடுவார்கள். மற்ற ஊர்க் கொரியத்தில் அதைப் போன்ற சொல் சித்தப்பா, மாமா மாதிரி ஆண்களுக்குத்தான். ஜெஜுவில் ஊரில் மூத்தவர் யாரானாலும், ஆணோ பெண்ணோ, அதே சொல். ஊருக்கு ஊர் முறை மாறுகிறது. நெல்லை அண்ணாச்சியும் யாழ்ப்பாணத்து மாமாவும் மாதிரித்தான்.

வடமராட்சி மணல்:

பாம்பன் தம்பி, நீங்கள் எழுதினதை வாசிச்சுப்போட்டுக் கன நேரம் சும்மா இருந்தனான். அம்மா இப்ப சுகமா?

பாம்பன் பாசி:

நல்லா இருக்காங்கண்ணே. இப்போது கடலுக்குப் போவதில்லை.

நெல்லைக்காரி:

பாம்பன் சகோவின் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அன்றைக்கே ‘டேஞ்சரின்ஸ்’ ஆரம்பித்தோம், நேற்றோடு பாதி முடிந்தது. அதில் ஒரு காட்சி எங்கள் இருவருக்கும் ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. திரைக்கிறுக்கு சகோவுக்காக எழுதுகிறேன். கல்யாணமாகி வந்த வீட்டில் ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்குத் தனியாக இன்னொன்று. நாயகன் குவான்-சிக் ஆண்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறான், முதுகுக்குப் பின்னால் அவன் மனைவி. சண்டை போடவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. உட்கார்ந்தபடியே அரை வட்டம் திரும்பி, மனைவி பக்கம் முகம் வைத்துச் சாப்பிட ஆரம்பிக்கிறான். அவன் அம்மாவும் பாட்டியும் வாயடைத்துப் போகிறார்கள். என் அம்மா கல்யாணமான புதிதில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். “இன்னொரு தடவ போடு” என்றார். மூன்று தடவை போட்டேன்.

அஜோஷி விவகாரம் ஒரு வழியாக முடிந்தது. ‘மை மிஸ்டரி’ல் நிலாக் காட்சி ஒன்று வரும். பாட்டிக்கு நிலா பார்க்க ஆசை. அந்தப் பெண் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் பாட்டியை உட்கார வைத்துத் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போவாள். திரும்பும்போது அவர் எதிரே வந்து, பாட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் இருக்கிற வீடுவரை கொண்டுவிடுவார். கிளம்பும்போது அவளிடம் ஒரே சொல், ‘சக்காதா’. ஆங்கிலத்தில் அன்பானவள் என்கிற மாதிரி ஏதோ போட்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கும் முன்னால் அம்மா சொன்னார், “நல்ல பிள்ளன்னு சொல்றாரு.” அதைவிடச் சரியாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. பிறகு நான் இன்றைக்கு என்ன முறை சொல்லட்டும் என்று கேட்டேன். “அவ கூப்பிடுற மாதிரியே சொல்லு. அஜோஷின்னா அஜோஷி. நல்லாத்தான இருக்கு.”

திரைக்கிறுக்கு:

தோழி, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பதிவுக்குப் பிறகு கொரே-எடாவின் ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ (2018) திரும்பப் பார்த்தேன். கானில் தங்கப் பனை வாங்கியது. பொறுக்கிச் சேர்த்த குடும்பம், யாருக்கும் யாரும் ரத்த உறவில்லை. முதல் தடவை அதில் நான் வறுமையைத்தான் பார்த்தேன். இந்தத் தடவை படம் முழுக்க, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்றே கேட்டது. தூக்கிவந்த பையன் தன்னை ஒரு தடவையாவது அப்பா என்று கூப்பிட மாட்டானா என்று ஒஸாமு ஏங்குவது. பிடிபட்ட பிறகு விசாரணையில் போலீஸ்காரி நோபுயோவிடம், பிள்ளைகள் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், அம்மா என்றா என்று கேட்பது. நோபுயோவாக நடித்த சகுரா ஆண்டோ பதில் சொல்ல மாட்டார். உள்ளங்கையால் கண்ணைத் துடைப்பார், நெற்றி முடியை ஒதுக்குவார், மறுபடி துடைப்பார். கடைசியில் என்னவென்று கூப்பிட்டார்களோ என்று முனகுவார். நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன்.

நெல்லைக்காரி:

அதைத்தான் நேற்று ராத்திரி போட்டோம், சகோ. ஒஸாமு பையனிடம், அப்பா இனிமேல் பழையபடி ஓஜி-சன் ஆகிவிடுகிறேன் என்று சொல்கிற இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. ஆனாலும் சொல்லி முடித்தேன். மறுநாள் பையன் பேருந்தில் போகிறான். ஒஸாமு பின்னாலேயே ஓடிவருகிறான். பையன் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பிப் பார்க்கிறான், வாய் மட்டும் அசைகிறது. சத்தம் இல்லை. கீழே எழுத்தும் இல்லை. நான் சும்மா இருந்தேன்.

“அப்பாங்கான்” என்றார் அம்மா.

நாளைக்கு ‘ஸ்டில் வாக்கிங்’. அந்தப் பையன் ‘ரியோ-சான்’ என்று கூப்பிடுவதை என்னவென்று சொல்வது? யாருக்காவது தோன்றினால் ஒன்பது மணிக்குள் எழுதுங்கள்.